கச்சான் நூடில்ஸும் கடன்பட்ட ஊரும்

சீனாவின் பெரிய நகரங்களில் பேருந்து நிலையத்துக்கு அருகிலோ, தொழிற்சாலை வாசலிலோ ஒரு சிறிய சாப்பாட்டுக்கடையைக் காணலாம். உள்ளே நான்கைந்து மேசைகள். வாசலில் ஆவி பறக்கும் மூங்கில் தட்டுகள். பெயர்ப்பலகையில் 'ஷாசியன் சிற்றுண்டி' என்று எழுதியிருக்கும். இப்படி 80,000க்கும் மேற்பட்ட கடைகள் உள்ளன. கேஎப்சி 1987இல் பீஜிங்கிலும், மக்டொனால்ட்ஸ் 1990இல் ஷென்ஜெனிலும் பெரும் முதலுடன் கடை திறந்தன. ஷாசியன் கடைகள் பலவற்றின் தொடக்கமோ கடன்தான்.

ஷாசியன் என்பது தென்கிழக்குச் சீனாவில், ஃபூஜியன் மாகாணத்து மலைகளின் நடுவே உள்ள ஊர். ஆற்றங்கரை, வயல்கள், மூங்கில் காடுகள். சுமார் இரண்டரை இலட்சம் பேர் வாழும் இப்பகுதியில் கச்சான் அரைத்த குழம்பில் பிரட்டிய நூடில்ஸ், மரச் சுத்தியலால் அடித்த பன்றி இறைச்சியை மெல்லிய மாவில் பொதிந்த சூப், சிறு மண்சட்டியில் அவித்த சாறு ஆகியவை வீட்டுச் சமையல்.

1990களின் தொடக்கத்தில் இங்கு சீட்டுப் பிடிப்பது பெருகியிருந்தது. எமது ஊர்களைப் போலவே அயலவரும் உறவினரும் சேர்ந்து, கழிவு கூறி எடுக்கும் சீட்டு. ஆசை வளர, ஒரு சீட்டில் எடுத்த காசை இன்னொன்றில் போட்டார்கள். 1992 அளவில் அது முறிந்தது. கடன்காரருக்கு முகம் காட்ட முடியாத பலர் இரவோடிரவாக ஊரைவிட்டு வெளியேறினர். அவர்கள் கையில் இருந்தது சமையல் ஒன்றுதான்.

கணவன் மாவு பிசைய, மனைவி பரிமாறிக் கணக்குப் பார்க்க, சம்பள ஆள் இல்லாமலே கடை நடந்தது. ஒரு யுவானுக்கு நூடில்ஸ் கிடைத்ததால் வேலை தேடி நகரம் வந்த தொழிலாளர்கள் அங்கே திரண்டனர். கடனை அடைத்தவர்கள் தம்பி, தங்கை, மச்சானை அழைத்துத் தொழில் பழக்கினர். 1997இல் ஊர் நிர்வாகமும் முன்வந்து சிற்றுண்டி விழா நடத்தியது. பின்னர் பயிற்சி, கடன் வசதி, பொது இலச்சினை என்பன வந்தன. 2021இல் இச்சமையற்கலை நாட்டின் மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது.

இந்த வளர்ச்சிக்கு விலையும் உண்டு. விடியுமுன் எழுந்து நள்ளிரவில் அடுப்பணைக்கும் பெண்ணுக்கு ஓய்வு நாள் இல்லை. பல பிள்ளைகள் ஊரில் பாட்டன் பாட்டியிடம் வளர்ந்தார்கள். சீனப் புத்தாண்டுக்குத்தான் தாயின் முகம். இன்று பல கடைகளுக்கு இறைச்சிப் பொதிகள் தொழிற்சாலையில் உறையவைக்கப்பட்டு வருகின்றன. உழைப்பு குறைகிறது; கைப்பக்குவமும் குறைகிறது.

போர் தின்ற வீட்டிலிருந்து இடியப்பமும் தோசையும் விற்று எழும்பிய பெண்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. ஆனால் ஷாசியனில் ஒருவர் எழும்பியதும் அடுத்தவருக்குக் கைகொடுத்தார். அவர்களுக்கு ஊர் துணை நின்றது. தனியொருத்தியின் அடுப்பு ஒரு வீட்டைக் காக்கும். பல அடுப்புகள் ஒரே பெயரில் சேரும்போதுதான் ஊர் நிமிர்கிறது. பிள்ளையை யார் பார்ப்பது என்பதையும் அந்த ஊர் அன்றே சேர்ந்து யோசித்திருந்தால், அந்தத் தாய்மார் கொடுத்த விலை குறைந்திருக்கும்.