ஹந்தானைக்கு மேலே

மழை விட்ட பின்னேரங்களில் குறிஞ்சிக் குமரன் கோயிலடியில் நின்று, ஹந்தானையில் முகில் எந்தப் பக்கம் போகிறதென்று பார்ப்போம். அந்த முகில்களுக்கும் மேலே, இருபது கிலோமீற்றர் உயரத்துப் படைமண்டலத்தில், வேறொரு காற்று ஓடுவதைப் பேராதனையில் படிக்க வந்த பிறகுதான் அறிந்தேன். ஓராண்டும் சில மாதமும் கிழக்கிலிருந்து வீசும் கொண்டல். பிறகு ஏறக்குறைய அவ்வளவு காலம் மேற்கிலிருந்து வீசும் கச்சான். ஒரு சுற்று முடியச் சராசரியாக 28 மாதம். புதிய காற்று உச்சியில் தோன்றி, மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் வீதம் இறங்கிப் பழையதை விழுங்கிவிடும். கீழே மழைமுகில்கள் கிளப்பும் அலைகள் மேலேறி உடைந்துதான் இதைத் தள்ளுகின்றன என்று 1968இல் லின்ட்சனும் ஹோல்டனும் விளக்கியதைப் படித்த இரவு, விடுதியில் எனக்குத் தூக்கமே வரவில்லை.

இதை நினைத்தால் 1883உம் கூடவே வந்துவிடும். ஆகஸ்ட் 27இல் கிரகடோவா எரிமலை வெடித்தது. தூசி மேற்கே ஓடி, ஆபிரிக்காவையும் பசிபிக்கையும் கடந்து, இரு கிழமையில் உலகைச் சுற்றிவந்து, செப்டெம்பரில் இலங்கையிலும் சென்னையிலும் சூரியனைப் பச்சையாகக் காட்டியது. அதனால் மேலே எப்போதும் கொண்டல்தான் என்று நம்பினார்கள். 1908இல் கிழக்காபிரிக்காவில் வானிலை ஆய்வாளர் பெர்சன் விட்ட பலூன்கள் கச்சானைக் கண்டன. இரண்டும் முறைவைத்து வீசுகின்றன என்று தெளிய 1960 ஆயிற்று.

எத்தனை குறைவான கண்கள்! பசிபிக்கில் கன்டன் தீவு, 1967 முதல் 1975 வரை எங்கள் அயலான மாலைதீவின் கன் தீவு, அதன்பின் சிங்கப்பூர். 1953இலிருந்து வரும் புகழ்பெற்ற காற்றுத்தொடர் இம்மூன்று இடத்துப் பலூன்களால் ஆனது.

பழைய அளவீடுகளைக் கணினி மாதிரிக்குள் ஊட்டி, அன்றன்றைய வளிமண்டலத்தை மீளக் கட்டுவதுதான் மறுபகுப்பாய்வு. ஐரோப்பாவின் ஈஆர்ஏ, யப்பானின் ஜேஆர்ஏ-55, நாசாவின் மெரா-2 ஆகியவற்றின் வரைபுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், சிங்கப்பூர்ப் பக்கம் கோடுகள் ஒட்டிக்கிடக்கும். பலூன் அரிதான நடுப் பசிபிக்கில் பிரிந்துபோகும். கவாட்டனியின் குழு 2016இல் இதை விரிவாகக் காட்டியது. செய்மதி பெரும்பாலும் வெப்பநிலையைத்தான் தருகிறது. நடுக்கோட்டருகே புவிச்சுழற்சியின் பிடி தளர்வதால், அதிலிருந்து காற்றைச் சரியாகக் கணிக்க முடியாது. கணினி எவ்வளவு பெருத்தாலும் யாரோ ஒருவர் வெளியே வந்து பலூன் ஒன்றைப் பறக்கவிட வேண்டியிருக்கிறது. அந்த ஆளின் மேல் எனக்குப் பெருமதிப்பு.

2016 பெப்ரவரியில் கச்சானின் நடுவே, 40 ஹெக்டோபாஸ்கல் அழுத்த மட்டத்தில், கொண்டல் முளைத்தது. 1953க்குப் பின் எவரும் காணாதது. மாதிரிகள் முன்கூட்டிச் சொல்லவில்லை, பலூன்கள் காட்டின. 2019–20இல் மறுபடியும் அப்படி நடந்தது. மூன்றாம் முறை வரும்போது, அதை எங்கள் தீவிலிருந்து ஏறும் பலூனும் பார்த்திருக்க வேண்டும்.