வெட்டினா காசு... விட்டா?

மரத்துக்கு டாக்டர் உண்டுனு சொன்னா உங்க கிளாஸ்ல எத்தனை பேர் நம்புவாங்க? எங்க கிளாஸ்ல ஒருத்தரும் நம்பலை. ‘ஓ.பி. சீட்டு எங்கடா போடணும்?’னு கேட்டான் கடைசி பெஞ்ச் நண்பன். ஆனா நிஜமாவே இருக்காங்க பாஸ்! இங்கிலாந்து, அமெரிக்கா, சிங்கப்பூர்ல எல்லாம் இவங்களுக்கு ‘ட்ரீ சர்ஜன்’, ‘ஆர்பரிஸ்ட்’னு பேரு. தலையில ஹெல்மெட், இடுப்புல பெல்ட், கையில ரம்பம்னு கயித்துல தொங்கிக்கிட்டே மரத்துக்கு ஆபரேஷன் பண்றவங்க. பரீட்சை எழுதி, சர்ட்டிஃபிகேட் வாங்கி, அதைக் காட்டி வேலை தேடுறவங்க.

நான் கடலூர் பையன். சிதம்பரத்துல சிவில் இன்ஜினீயரிங், மூணாவது வருஷம். தினமும் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன்ல ரயில் ஏறி சிதம்பரத்துல இறங்குறவன். யோசிச்சுப் பார்த்தா ரெண்டு ஊருமே மரத்தோட பேரைச் சுமக்குற ஊரு. பாதிரி மரம் பாடலீஸ்வரர் கோயிலோட தல விருட்சம்; திருப்பாதிரிப்புலியூர்ங்கிற பேர் அதுலேர்ந்து வந்தது. சிதம்பரத்தோட பழைய பேர் தில்லை. தில்லை மரத்தைக் கூட்டமாப் பார்க்கணும்னா பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குப் போகணும். அதோட பால் கண்ணுல பட்டா பார்வைக்கே ஆபத்துங்கிறது தனிக் கதை.

இப்படி மரத்தோட பேர் வெச்ச ரெண்டு ஊர்லயும் மர டாக்டர்னு யாராவது இருக்காங்களா? ‘படிப்புக்குச் சம்பந்தமில்லாத ஒரு வேலையைப் பத்தி எழுது’னு இந்த இதழ்ல இன்டர்ன்ஷிப் சேர்ந்தப்போ சொன்னாங்க. இதையே தேடிக் கிளம்பிட்டேன்.

டீக்கடைதான் எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ்!

போர்டு மாட்டின ஆபீஸ் எதுவும் இல்லை. புவனகிரி பக்கம் ஒரு டீக்கடையில கேட்டேன். ‘மரம் கழிக்கணுமா தம்பி?’னு மாஸ்டரே ஒரு நம்பர் குடுத்தார். அப்படித்தான் அண்ணன் அறிமுகமானார். நாற்பத்தஞ்சு வயசு இருக்கும். ஒரு அரிவாள், ஒரு பவர் ரம்பம், ரெண்டு சுருள் நைலான் கயிறு, கீழே கயிறு பிடிக்க ரெண்டு பேர். இதுதான் மொத்த கம்பெனியும்.

வேலை எப்படி வருதுனு அவரே சொன்னார். ஐப்பசி மழைக்கு முன்னாடி வீட்டுக்காரங்க கூப்பிடுவாங்க. கரன்ட் கம்பியில உரசுற கிளையை வெட்ட கான்ட்ராக்டர் கூப்பிடுவார். புயல் அடிச்சா எல்லாருமே கூப்பிடுவாங்க. மத்த மாசங்கள்ல? தேங்காய் பறிக்கப் போவார், இல்லைன்னா நடவு வேலைக்கு.

‘கூலி எவ்ளோண்ணே?’னு கேட்டேன். அதுக்கு அவர் சொன்ன பதில்தான் இந்தக் கட்டுரையே.

‘ரெண்டு கணக்கு இருக்கு தம்பி. கூலியா வாங்கினா ஒரு நாளைக்கு ஆயிரத்து ஐந்நூறு. இல்லைன்னா, வெட்டுன கட்டையை நாங்களே எடுத்துக்கிட்டு கூலி வேணாம்னுடுவோம். நல்ல மரம்னா நாங்களே மேல காசு குடுப்போம். வீட்டுக்காரங்களுக்கு ரெண்டாவது கணக்குதான் புடிக்கும்.’

புரியுதா? கட்டையைத் தூக்கி வித்தாதான் கூலி. அப்போ ஒரு கிளை போதுங்கிற இடத்துல நாலு கிளை போகும். நாலு போதும்னா மரமே மொட்டை ஆகும். இதுல அண்ணனோட பேராசை எதுவும் இல்லை. டீசலுக்கும் ரெண்டு ஆள் கூலிக்கும் அந்தக் கட்டையிலதான் காசு வரணும். மரத்தை வெட்டுறதுக்கு ஒரு ரேட் இருக்கு. வெட்டாம விடுறதுக்கு ரேட்டே இல்லை!

சட்டைக்கு மட்டுமா காலர்?

மொட்டை அடிச்சா என்ன, மறுபடியும் துளிர்த்துடுமேனு கேட்கலாம். துளிர்க்கும். அங்கேதான் வில்லங்கமே!

ஒரு பழைய கிளை அடிமரத்தோட வருஷக்கணக்கா சேர்ந்து வளர்ந்தது. உள்ளே ரெண்டோட மரமும் பின்னிப்போயிருக்கும். மொட்டை அடிச்ச இடத்துல கிளம்புற புதுக் கிளைகள் அப்படி இல்லை. பட்டைக்குக் கீழே மேலாப்புல ஒட்டிக்கிட்டு, கொத்தா, வேகமா வளரும். நாலஞ்சு வருஷத்துல கனம் ஏறும், பிடிப்பு ஏறாது. வெட்டின வாய் வழியா மழைத் தண்ணியும் பூஞ்சையும் உள்ளே போய் பொந்து விழும். அடுத்த புயல்ல முதல்ல முறியிறது அந்தக் கொத்துதான். ‘புயலுக்குப் பயந்து மொட்டை அடிச்சேன்’னு சொல்றவங்க, அடுத்த புயலுக்குத் தீனி போட்டு வளர்க்கிறாங்கனு அர்த்தம்.

அப்போ எங்கே வெட்டணும்? அடுத்த தடவை மரத்தடியில நிக்கும்போது கிளை கிளம்புற இடத்தை உத்துப் பாருங்க. சட்டை காலர் மாதிரி ஒரு தடிப்பு இருக்கும். ஆங்கிலத்துலயும் அதுக்குக் காலர்னுதான் பேரு. காயத்தை மூடுற வேலையை ஆரம்பிக்கிறது அந்தத் தடிப்பு. அதை விட்டு வெளியே வெட்டணும். அடிமரத்தோட வழவழனு ஒட்ட வெட்டினா காலரும் போயிடும். ரெண்டு முழம் விட்டு வெட்டினா மிச்சக் கட்டை பட்டுப்போய், அழுகல் உள்ளே இறங்கும்.

இதை உலகத்துக்குப் புரிய வெச்சவர் அலெக்ஸ் ஷைகோ. அமெரிக்க வனத்துறையில வேலை பார்த்த விஞ்ஞானி. ஆயிரக்கணக்கான மரங்களை ரம்பத்தால நீளவாக்குல பிளந்து பார்த்தவர். 1977-ல அவர் வெளியிட்ட விஷயம் இதுதான்: மரத்துக்குக் காயம் ஆறாது. நமக்கு மாதிரி பழைய சதை புதுசா மாறாது. காயத்தைச் சுத்தி மரம் தனக்குள்ளேயே சுவர் எழுப்பி, அழுகலை அந்த அறைக்குள்ள பூட்டிட்டு, புது மரத்தை வெளியே வளர்த்துக்கும். சிவில் ஸ்டூடன்ட் எனக்கு இது செமயாப் பிடிச்சுது. மரம் ஒரு கொத்தனார் பாஸ்! டாக்டரோட வேலை அந்தச் சுவரை உடைக்காம இருக்கிறது, அவ்வளவுதான். அதனாலதான், ஒரு காலத்துல பொந்தைச் சுரண்டி சிமென்ட் வெச்சு அடைச்ச வெளிநாட்டு சர்ஜன்கள்கூட அதைக் கைவிட்டுட்டாங்க.

பெரிய கிளையை மூணு வெட்டுல இறக்கணும். முதல் வெட்டு, அடிமரத்துலேர்ந்து ஒரு அடி தள்ளி, கிளைக்குக் கீழேர்ந்து மேல்நோக்கி, கால்வாசி. ரெண்டாவது, அதுக்குக் கொஞ்சம் வெளியே, மேலேர்ந்து. கிளை விழுந்துடும், பட்டை உரிஞ்சு அடிமரம் வரைக்கும் கிழியாது. மூணாவதா மிச்சக் கட்டையை காலருக்கு வெளியே சுத்தமா எடுக்கணும். இதைப் படிச்சுட்டுப் போய் அண்ணன்கிட்ட பந்தாவா விளக்கினேன். ‘கீழ்வாய் குடுக்காம எவன் தம்பி கிளை இறக்குவான்? என் அப்பா சொல்லிக் குடுத்தது’னு சிரிச்சார். காலர் விஷயத்தை மட்டும் ரெண்டு தடவை கேட்டு வாங்கிக்கிட்டார்.

‘இன்ஜினீயர் தம்பி, ஒண்ணு சொல்லவா?’

கயிறு கட்டிக்கிட்டு ஒரு புளியமரத்துல ஏறிப் பார்த்தேன். பத்தடிக்கே கால் தந்தி அடிச்சுது. இறங்கி உட்கார்ந்தப்போ அண்ணன் சொன்னார்: ‘புயல்ல வேரோட சாயுற மரத்தைப் பாருங்க. ஒரு பக்கம் வேரே இருக்காது. சாக்கடைக்குத் தோண்டுனப்போ வெட்டியிருப்பாங்க. எங்க வேலையில பாதி, நீங்க போடுற கான்கிரீட்டால வருது.’

சுருக்குனு இருந்துச்சு. மரத்தோட பெரும்பாலான வேர் மேல் ரெண்டு மூணு அடி மண்ணுலயே, கிளை விரிஞ்சதுக்கும் அப்பால வரைக்கும் படர்ந்து கிடக்கும். மூச்சுக் காத்தும் தண்ணியும் அதுக்கு அங்கேயே வேணும். நாங்க அடிமரத்தைச் சுத்தி சிமென்ட் பூசி அழகு பார்க்கிறோம். 2013 ஏப்ரல்ல தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், டெல்லியில மரங்களைச் சுத்தி 1 மீட்டருக்குள்ள இருக்கிற கான்கிரீட்டை எடுக்கச் சொல்லி உத்தரவே போட்டுச்சு. பைல், ஃபூட்டிங், பீம்னு மூணு வருஷமா படிக்கிறேன். மரத்தோட வேர் எங்கே போகும்னு ஒரு யூனிட்லகூட வரலை.

தானே தந்த பாடம்

2011 டிசம்பர் 30. ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரையைக் கடந்த காலை. காத்து மணிக்கு 140 கிலோமீட்டர் வரைக்கும் வீசுச்சு. எனக்கு ஆறு வயசு. எட்டிப் பார்த்தா தெருவையே காணோம், வெறும் இலையும் கிளையும். பண்ருட்டி பக்கம் முந்திரியும் பலாவும் தோப்புத் தோப்பா சாஞ்சு கிடந்துச்சு. பலா வெச்சவங்களுக்கு அது ஒரு வருஷ நஷ்டம் இல்லை, ஒரு தலைமுறை நஷ்டம்.

அந்த வாரம் இந்த மாவட்டத்துல அதிகம் தேவைப்பட்டது ரம்பம் பிடிக்கத் தெரிஞ்ச கை. அண்ணனோட கூட்டாளி ஒருத்தர் சாஞ்சு நின்ன மரத்துல ஏறி, கட்டை புரண்டு விழுந்தவர், இன்னும் குச்சி ஊனித்தான் நடக்கிறார். ஹெல்மெட் இல்லை, இன்ஷூரன்ஸ் இல்லை. ‘என் பையனை இதுல விடமாட்டேன்’னு அண்ணன் சொன்னப்போ என்னால ஒண்ணும் பேச முடியலை.

ஆனா நம்ம ஊருக்கு மர வைத்தியம் புதுசு இல்லை. முந்திரித் தோப்புல தண்டு துளைப்பான் விழுந்தா, பட்டையைச் செதுக்கி, புழுவைத் தோண்டி எடுத்து, வேப்பெண்ணெய் தடவுறாங்களே, அது ஆபரேஷன் இல்லாம வேற என்ன? விருத்தாசலம் பக்கம் முந்திரி ஒட்டுக் கட்டுறவங்க கையைப் பாருங்க, பிளேடு பிடிக்கிற லாகவமே தனி. கொல்கத்தா தாவரவியல் பூங்காவோட பெரிய ஆலமரத்துல, ரெண்டு புயல்ல அடிபட்டு பூஞ்சை பிடிச்ச நடுமரத்தை 1925-லயே வெட்டி எடுத்துட்டாங்க. விழுதுகள் தாங்க மரம் இன்னும் நிக்குது. 2018-ல தெலங்கானா மகபூப்நகர்ல, கரையான் அரிச்ச ஆலமரத்துக்கு ட்ரிப்ஸ் பாட்டில் கட்டி மருந்து ஏத்தினாங்க. கை இருக்கு, மரம் இருக்கு. வேலைக்கு ஒரு பேரும் சம்பளமும்தான் இல்லை.

அப்போ இதுல சேர வழி?

ஆசை இருக்கிறவங்களுக்கு: மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில ஃபாரஸ்ட்ரி டிகிரி இருக்கு. சிதம்பரத்துலயே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல விவசாயம், தோட்டக்கலை படிக்கலாம். 1924-ல அமெரிக்காவுல ஆரம்பிச்ச ‘இன்டர்நேஷனல் சொசைட்டி ஆஃப் ஆர்பரிகல்ச்சர்’ ஒரு பரீட்சை நடத்துது. எழுத மூணு வருஷ அனுபவம் வேணும். படிப்பு இருந்தா அதையும் கணக்குல எடுத்துப்பாங்க. சிங்கப்பூர் கனவுல இருக்கிற நம்ம ஊர் பசங்க கவனிங்க, அங்கே இந்த சர்ட்டிஃபிகேட்டுக்கு மதிப்பு உண்டு. படிப்பு இல்லாதவங்களுக்கு, தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ல ‘தென்னை மர நண்பர்கள்’னு ஒரு பயிற்சியை ஆரம்பிச்சுது. ஆறு நாள்ல மெஷின் வெச்சு மரம் ஏறச் சொல்லிக் குடுத்து, விபத்துக் காப்பீடும் சேர்த்தாங்க. தென்னைக்குச் செஞ்சதை வேம்புக்கும் புளிக்கும் செய்ய முடியாதா என்ன?

போன மாசம் எங்க வீட்டுக்கே அண்ணனைக் கூப்பிட்டேன். தானேவுக்கும், 2024 ஃபெஞ்சலுக்கும் அசராம நின்ன வேப்பமரம். மழைக்கு முன்னாடி மொட்டை அடிக்கணும்னு அம்மா பிடிவாதம். இன்னொருத்தர் சும்மாவே வெட்டித் தர்றேன்னுட்டார், கட்டை அவருக்கு. அண்ணன் மரத்தைச் சுத்திச் சுத்தி வந்தார். அடிமரத்தைத் தட்டிப் பார்த்தார். பட்டுப்போன ஒரு கிளை, ஓட்டு மேல சாஞ்ச ஒரு கிளை, ரெண்டு போதும்னார். மூணு வெட்டு, காலருக்கு வெளியே. கட்டைனு சொல்ல ஒரு கைவண்டிகூடத் தேறலை. கூலி ஆயிரத்து ஐந்நூறு.

அப்பாவுக்கு மனசே ஆறலை. ‘ஒருத்தன் சும்மாவே மொத்தத்தையும் வெட்டுறேன்கிறான். ரெண்டு கிளைக்கு இவ்ளோவா?’

நான் கேட்டேன்: ‘பல் டாக்டர்கிட்ட போனா, எத்தனை பல்லு புடுங்கினார்னு எண்ணியாப்பா ஃபீஸ் குடுக்குறோம்?’

முறைச்சார். ஆனா குடுத்துட்டார். அண்ணன் காசை எண்ணாமயே பைக்குள்ள வெச்சுக்கிட்டு, ‘மரம் நிக்கிறதுக்குக் காசு வாங்கினது இதான் தம்பி மொத தடவை’னார்.