நாங்க ஒடச்ச தாழி

சின்ன மக பள்ளிக்கூடத்தில் கீழடி அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போனார்கள். துணைக்குப் பெத்தவங்க ரெண்டு பேர் வேணும்னு கேட்டாங்க. கடலைக்குக் களையெடுக்க இன்னும் நாள் இருந்ததால் நானும் பஸ் ஏறிட்டேன்.

2023-ல் திறந்த கட்டடம். செட்டிநாட்டு வீடு மாதிரி தூணும் முற்றமுமா நல்லாத்தான் இருக்கு. ஆனா உள்ளே போனா கண்ணாடிப் பெட்டிக்குள்ள பானை ஓடு. இதை நாங்க உழும்போது பொறுக்கி வரப்புல வீசுறதுதானே! தனியா போயிருந்தா அரை மணி நேரத்துல வெளியே வந்து டீக்கடையில உக்காந்திருப்பேன்.

விளக்கிச் சொல்ல ஒரு பொண்ணு கூடவே வந்துச்சு. முதல்ல பிள்ளைகளைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டுச்சு.

"குப்பைக்குழியில நேத்து கொட்டினது மேல இருக்கும். போன வருஷம் கொட்டினது எங்க இருக்கும்?"

"அடியில!"

"மண்ணும் அப்படித்தான். இங்க 200 செ.மீ. ஆழத்துல கெடச்ச கரித்துண்டை அமெரிக்காவுக்கு அனுப்பிச் சோதிச்சாங்க. கி.மு. 205-ன்னு வந்துச்சு. 353 செ.மீ. ஆழத்துல எடுத்தது கி.மு. 580. பொருள் மட்டும் போதாது. அது எங்க, எவ்வளவு ஆழத்துல கெடந்துச்சுன்னு தெரியணும். அது தெரியலேன்னா வெறும் ஓடுதான்."

குப்பைக்குழி கணக்கு எனக்குச் சட்டுனு புரிஞ்சது. அப்புறம் பக்கத்துக் கொந்தகையில் எடுத்த தாழிகளைப் பத்திச் சொல்லுச்சு. கீழடியில் வாழ்ந்தவங்களைப் புதைச்ச இடம் அது. எலும்பு, கருப்பு சிவப்புக் கிண்ணம் எல்லாம் தாழிக்குள்ள இருந்ததாம். எலும்பை வெச்சு அந்த ஆளுக்கு என்ன வயசு, ஆணா பொண்ணானு பார்க்கிறாங்களாம்.

எனக்கு வயித்தைப் பெசைஞ்சது. எனக்குப் பத்து வயசு இருக்கும்போது எங்க மேட்டுக்காட்டுல கிணறு வெட்டினாங்க. இடுப்பளவு ஆழத்துல இதே மாதிரி ஒரு தாழி. "மதமதக்கா தாழிடா, சாகாத கெழடுகளை உசுரோட வெச்சு மூடுவாங்க"ன்னு அப்பத்தா அலறுச்சு. அப்பா சூடம் பொருத்திட்டுக் கடப்பாரையை எறக்கினார். எலும்பையும் ஓட்டையும் கூடையில அள்ளிக் கம்மாக்கரையில கொட்டினது நான்தான்.

பிள்ளைகள் முன்னால போனதும் அந்தப் பொண்ணுகிட்ட மெல்லச் சொன்னேன். திட்டும்னு நெனச்சேன். திட்டல. "இன்னும் இருக்குமா ஐயா?"ன்னு மட்டும் கேட்டுச்சு.

இருக்கு. கிணத்துக்கு வடக்கே ஒரு மூலையில டிராக்டர் ஓட்டும்போது வட்டமா வாய் விளிம்பு தெரியும். அண்ணனுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். வெளியே சொன்னா நிலத்தைப் பிடுங்கிருவாங்கன்னு அண்ணன் மண்ணைத் தள்ளி மூடிருவார். இருக்கிறது ஒண்ணரை ஏக்கர். அவர் பயத்தைக் குத்தம் சொல்ல மாட்டேன்.

நான் பதில் சொல்லாம நின்னேன். "கீழடியிலயும் பட்டா நிலத்துலதான் ஐயா தோண்டினாங்க. தென்னந்தோப்புக்காரங்க சம்மதிச்சு எடம் குடுத்தாங்க. வேலை முடிஞ்ச குழிகள் நெறைய மூடியாச்சு. நீங்க தோண்டிடாதீங்க, எடுத்தும் வெக்காதீங்க. இருக்கிற மாதிரியே இருக்கட்டும்"னு சொல்லிட்டுப் பிள்ளைகள்கிட்டப் போயிருச்சு.

திரும்பி வரும்போது பஸ்ல மககிட்ட எல்லாத்தையும் சொன்னேன். "அது யாருன்னு தெரிஞ்சிருக்குமேப்பா, ஏன் கொட்டினீங்க?"ன்னா. பத்து வயசுல எனக்கென்ன தெரியும்னு சொல்ல வாய் வந்துச்சு. இப்ப அம்பத்தி நாலு வயசாகுது. சொல்லல.

போன வாரம் உழவுக்கு டிராக்டர் வந்துச்சு. வடக்கு மூலையில நாலு குச்சி நட்டு, அதுக்குள்ள கலப்பையை எறக்க வேணாம்னு டிரைவர் தம்பிகிட்டச் சொன்னேன். "என்னண்ணே, புதையலா?"ன்னு சிரிச்சான். அண்ணன் வரப்புல நின்னு பார்த்துக்கிட்டே இருந்தார். ஒண்ணும் கேக்கல. கடலை அறுவடை முடியட்டும், அவரைக் கீழடிக்குக் கூட்டிட்டுப் போகணும். அந்தப் பொண்ணு பேசுறதை அவரும் கேக்கணும்.