அப்பா கலரா, அம்மா கலரா?

பிளஸ் டூவில் மெண்டல், பட்டாணிச் செடி, 3:1 என்று மனப்பாடம் பண்ணி எழுதிவிட்டு, ரிசல்ட் வந்த அன்றே மறந்துபோன ஆளா நீங்க? ஒரு ஜோடி கப்பி மீனும் நாலு பிளாஸ்டிக் டப்பும் வாங்குங்க. மொத்தப் பாடமும் திரும்ப வந்துடும். டப்பை மட்டும் நிழல்ல வைங்க. மதுரை சித்திரை வெயில்ல மொட்டைமாடியில வெச்சா மீன் குழம்புதான்!

கப்பியில் அழகெல்லாம் ஆணுக்கு. பெண் சாம்பல் நிறத்தில் சும்மா திரியும். 1920-ல் யோஹானஸ் ஷ்மிட் என்ற டென்மார்க்காரர் (விலாங்கு எங்கே முட்டையிடுதுன்னு அட்லாண்டிக்கைச் சலித்தெடுத்தாரே, அவரேதான்) ஒன்றைக் கவனித்தார். ஆணின் முதுகுத் துடுப்பில் உள்ள கறுப்புப் புள்ளி மகன்களுக்கு மட்டுமே போகுது. மகள் வழியா பேரனுக்குப் போகலை. ஒய் குரோமோசோம் பண்ற வேலை!

அப்போ நல்ல அப்பா கிடைச்சா போதுமா? போதாது. சிவப்புக் கண் ஆல்பினோ, ரெண்டு பக்கமும் இருந்தாத்தான் வெளியே தெரியும். ஆல்பினோவே கலக்காத சாதா கப்பியோட அதைச் சேர்த்தா முதல் தலைமுறையில ஒண்ணுகூட வராது. அந்தக் குட்டிகளுக்குள்ளேயே ஜோடி சேர்த்தா, சராசரியா நாலுக்கு ஒண்ணு எட்டிப்பார்க்கும். அதுக்காக வருஷக்கணக்கா ஒரே குடும்பத்துக்குள்ளேயே ஓட்டாதீங்க, முதுகு வளைஞ்ச குட்டிகள் வர ஆரம்பிக்கும்.

நிஜத் தலைவலி பெண் மீன்தான். ஒருமுறை சேர்ந்தா விந்தணுவைப் பல மாசம் உள்ளேயே சேமிச்சு, மாசத்துக்கு ஒரு ஈடு குட்டி போடும். நீங்க ஆசையா ஒரு சிவப்பு ஆணை விட்டிருப்பீங்க. பிறக்கிறதோ கடைத்தொட்டியில இருந்த எவனோட வாரிசோ! அதனால மூணு வாரத்துக்குள்ள குட்டிகளைப் பிரிச்சிடணும். வயிற்றடித் துடுப்பு குச்சி மாதிரி நீண்டா ஆண், விசிறியா இருந்தா பெண்.

சரி, முப்பது குட்டியில நீங்க நினைச்ச நிறம் ரெண்டு மூணுதான் தேறும். மிச்சத்தை என்ன பண்ண? 'கண்மாய்ல விட்றா, கொசுப்புழுவைத் தின்னட்டும்' என்பார்கள் நண்பர்கள். தயவுசெஞ்சு வேண்டாம் பாஸ். கப்பி தென் அமெரிக்காக்காரன். அயிரையும் கெண்டைப் பொடியும் தின்கிற தீனியில் பங்குக்கு வருவான், கிடைச்சா முட்டையையும் மீன்குஞ்சையும் விழுங்குவான். அயிரைக் குழம்பு இல்லாத மதுரையை யோசிச்சுப் பாருங்க!

என் வீட்டில் கழித்த ஆண்களுக்கு ஒரு சிமென்ட் தொட்டி, பெண்களுக்கு இன்னொன்று. சேர்த்து விட்டால் தெருவுக்கே கப்பி சப்ளை பண்ண வேண்டியிருக்கும். மங்கின சிவப்பு, கிழிஞ்ச வால் பரவாயில்லைன்னா, மூடி போட்ட வாளியோட வாங்க.