கதவருகில் சொல்லப்படும் உபாதை

சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்த்து முடிந்து, மருந்துச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கதவுவரை போய்விட்ட ஒருவர், அங்கே சற்றுத் தயங்கி நின்று, "இன்னொண்ணு டாக்டர், கொஞ்ச நாளா நரம்புத் தளர்ச்சி மாதிரி இருக்கு" என்று தரையைப் பார்த்துச் சொல்வாரானால், அன்று அவர் வந்த காரியமே அதுதான் என்பதை என் தொழிலில் இருப்பவர் எவரும் ஊகித்துக்கொள்வர். அவரை மறுபடி உட்காரச் சொல்லிக் கதவைச் சாத்திவிட்டு, விறைப்புக் குறைபாட்டைப் பற்றி, பசியையும் தூக்கத்தையும் விசாரிக்கும் அதே குரலில் விசாரிப்பதிலேயே இந்தச் சிகிச்சையின் பாதி அடங்கியிருக்கிறது. கேட்பவனிடம் அணுவளவு சங்கோசம் தென்பட்டாலும் போதும், சொல்ல வந்தவர் வாயை மூடிக்கொள்வார்.

நான் முதலில் கேட்பது விடியற்காலையைப் பற்றி. தூங்கி விழிக்கும் வேளையில் விறைப்பு தானாகவே உண்டாகிறது, மனைவியிடம் செல்கையில் மட்டும் தவறுகிறது, அதுவும் திடீரென்று தொடங்கியது என்றால், பெரும்பாலும் கடன், வேலை, மறுபடியும் தவறிவிடுமோ என்னும் பயம் ஆகியவற்றில் காரணம் அகப்படும். ஆனால் மாதக்கணக்கில் படிப்படியாகக் குறைந்து, விடியற்காலையிலும் இல்லாமற்போயிற்று என்று 50 வயதை நெருங்கியவர் சொன்னால், என் சிந்தனை அவருடைய இருதயத்துக்குச் சென்றுவிடுகிறது. ஆண்குறியின் இரத்தக் குழாய்கள் 1 அல்லது 2 மில்லிமீட்டர் அகலமே உடையவை, இருதயத்தின் தமனிகளோ 3 அல்லது 4 மில்லிமீட்டர். ஆகையால் நீரிழிவும் புகையிலையும் கொழுப்பும் குழாய்களின் உட்சுவரைக் கெடுக்கும்போது குறுகலானதே முதலில் முறையிடுகிறது, மார்பு வலிக்குச் சில வருஷங்கள் முன்பாகவேகூட. மாதந்தோறும் குறித்த தேதியில் லாட்ஜில் தங்கி லேகியம் விற்பவரிடம் இவர் இழக்கும் பணத்தைவிட, அந்த வருஷங்களை இழப்பதே எனக்கு ஆத்திரமூட்டுகிறது.

சில்டெனாஃபில் என்னும் ஔஷதமும் இருதய வலிக்கென்று பிரிட்டனில் பரிசோதிக்கப்பட்டு, 1998-இல் அமெரிக்காவில் இவ்வுபாதைக்கு அனுமதி பெற்றதுதான். "போட்டேன் டாக்டர், ஒண்ணும் நடக்கலை" என்பவரை விசாரித்தால், வயிறு நிறையப் பிரியாணி உண்டபின் மாத்திரையை விழுங்கிவிட்டுத் தொலைக்காட்சி பார்த்துக் காத்திருந்தது வெளிவரும். இச்சை எழும்போது நரம்புகள் சுரக்கும் நைட்ரிக் ஆக்ஸைடால் குழாய்கள் விரிகின்றன. அந்த விரிவு சீக்கிரம் அடங்கிவிடாமல் தடுப்பதே மாத்திரையின் வேலையாதலால், இச்சை இல்லாத இடத்தில் அதற்கு வேலையே இல்லை. நெஞ்சுவலிக்கு நாக்கின்கீழ் சார்பிட்ரேட் வைத்துக்கொள்பவர் இதைத் தொடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் இரத்த அழுத்தம் உயிருக்கு அபாயமாகும் அளவுக்குச் சரியும். கடையில் கேட்டவுடன் எடுத்து நீட்டுகிறவர் இதைக் கேட்பதில்லை என்பதனால், நான் மருந்துப் பையையே மேஜைமேல் கொட்டச் சொல்லிப் பார்ப்பதுண்டு. சில வேளைகளில் குற்றவாளியும் அங்கேயே, அழுத்தத்துக்கென்று தின்னும் ஒரு மாத்திரையின் உருவில் அகப்பட்டுவிடும். அதை மாற்றித் தரலாம், அவராக நிறுத்துவதுதான் ஆகாது.

அடுத்த முறை மனைவியையும் அழைத்துவரச் சொல்லுவேன். கணவருக்குத் தன்மேல் வெறுப்பு வந்துவிட்டதென்று நெடுநாள் எண்ணியிருந்த அந்த அம்மாள், விஷயம் விளங்கியதும் பெரும்பாலும் கேட்பது, "அவர் நெஞ்சுக்கு ஒண்ணும் ஆகாதே?" என்பதுதான். இரண்டு மாடிப் படியை மூச்சிரைப்பும் வலியும் இல்லாமல் ஏறுகிறாரா என்று நான் திருப்பிக் கேட்பேன். ஏறுகிறவருக்குச் சீட்டு எழுதுவேன், ஏற முடியாதவரை முதலில் இருதய வைத்தியரிடம் அனுப்புவேன்.