பொடி எழுத்து

பத்தியம் என்றால் என்ன என்று நம்மில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. வைத்தியர் ஒரு சூரணத்தை மடித்துக் கொடுத்துவிட்டு, "புளி ஆகாது, கத்தரிக்காய் ஆகாது, ஒரு மண்டலம் நாக்கைக் கட்டி வை" என்பார். மருந்து தன் வேலையைச் செய்யும்போது சாப்பாடு குறுக்கே வரக்கூடாது என்பது தாத்பரியம். அமெரிக்காவில் என் மகள் அனுஷ்டித்த பத்தியம் வேறு தினுசு. அதில் மருந்தே கிடையாது, பத்தியமேதான் பரிசோதனை. சந்தேகத்துக்கு இடமான ஆகாரங்களையெல்லாம் 30 நாள் அடியோடு நிறுத்திவிட வேண்டும். அப்புறம் ஒவ்வொன்றாக உள்ளே விட்டு, எது வந்ததும் உடம்பு முரண்டு பிடிக்கிறது என்று பார்க்க வேண்டும். திருட்டுப் போன வீட்டில் எல்லோரையும் வாசலில் நிறுத்திவிட்டு, ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டு விசாரிப்பதைப் போல.

யோசனை புதிதல்ல. கலிபோர்னியாவில் ஆல்பர்ட் ரோ என்ற டாக்டர் 1920-களிலேயே ஒவ்வாமை நோயாளிகளுக்கு இப்படி விலக்குப் பட்டியல் எழுதிக் கொடுத்தவர். அதையே எல்லாரும் வீட்டிலே செய்துகொள்ளும்படி சட்டதிட்டங்களோடு 2009-ல் வெளியிட்டவர்கள் மெலிஸா ஹார்ட்விக், டல்லாஸ் ஹார்ட்விக் என்ற இருவர். 'ஹோல் தர்ட்டி' என்று பெயர். தானியம் கூடாது, பருப்பு கூடாது, பால், தயிர், வெண்ணெய் கூடாது, மது கூடாது. சர்க்கரை எந்த வேஷத்தில் வந்தாலும் கூடாது; தேனும் வெல்லமும் அதில் அடக்கம். நெய்க்கு மட்டும் அனுமதி உண்டு. அதைக் கேட்டபோது அந்த அம்மாளிடம் எனக்குச் சற்று மரியாதை பிறந்தது. ஆனால் அடுத்த விதி பயங்கரமானது. இருபத்தொன்பதாம் நாள் தவறினாலும் மறுபடி முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். இவர்கள் நம் பக்கத்தில் பிறந்திருந்தால் சபரிமலைக்குப் போகிறவர்களுக்கே விரதம் கற்றுக் கொடுத்திருப்பார்கள்.

என் மகள் நியூஜெர்சியில் ஓர் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் உத்தியோகம் பார்க்கிறாள். வாரத்துக்கு இரண்டு தடவை ஒற்றைத் தலைவலி. வந்தால் ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டு, ஈரத்துணியை நெற்றியில் போட்டுக்கொண்டு, குழந்தையின் குரல்கூடக் காதில் விழக்கூடாது என்று கதவைச் சாத்திக்கொள்வாள். ஐந்து வயதுப் பேத்தி அந்தக் கதவுக்கு வெளியே பொம்மையை வைத்துக்கொண்டு, பொம்மையிடம்கூட ரகசியமாகப் பேசுவதை நான் பார்த்திருக்கிறேன். மாத்திரைகள் மாறிக்கொண்டே இருந்தன. கடைசியில் அவளுடைய டாக்டர், "சாப்பாட்டையும் ஒரு தடவை விசாரித்துவிடலாமே" என்றார்.

காலையும் இரவும் கஷ்டமில்லை. பருப்பில்லாத கூட்டு, தேங்காய் அரைத்த மீன் குழம்பு, முட்டை, உருளைக்கிழங்கு என்று வீட்டில் சமாளித்துவிடலாம். மத்தியானம்தான் பிரச்னை. பன்னிரண்டு மணி நேர வேலையில் சாப்பிட இருபது நிமிஷம் கிடைக்கும். சுடவைக்கும் பெட்டிக்கு முன்னால் வரிசை நிற்கும். மீன் குழம்பைத் திறந்தால் அறை முழுவதும் செய்தி பரவிவிடும். ஆகவே ஆறிய இறைச்சித் துண்டுகளை ஒரு கீரை இலையில் சுருட்டி, வெள்ளரிக்காயோடு தின்றுவிட்டு எழுந்திருப்பதென்று தீர்மானித்தாள். அதற்கென்றே 'டெலி' இருக்கிறதே!

டெலி என்பது டெலிகாடெஸன் என்ற ஜெர்மன் சொல்லின் வால் நறுக்கிய ரூபம். ஜெர்மானியர்களும் யூதர்களும் இத்தாலியர்களும் கப்பலேறி வந்தபோது கூடவே கொண்டு வந்த கடை அது. இப்போது எந்தப் பெரிய மளிகைக் கடையிலும் ஒரு மூலையில் கண்ணாடி அலமாரி வைத்து, அதற்குள் வான்கோழி நெஞ்சையும் பன்றித் தொடையையும் சுட்ட மாட்டிறைச்சியையும் தலையணை தலையணையாக அடுக்கியிருக்கிறார்கள். கேட்டால் யந்திரத்தில் வைத்துத் தாள் கனத்துக்குச் சீவித் தருவார்கள். அந்த யந்திரத்தை 1898-ல் உண்டாக்கியவர் வான் பெர்க்கல் என்ற ராட்டர்டாம் நகரத்துக் கசாப்புக்காரர். கையாலே கத்தி பிடித்து யாரும் அவ்வளவு மெல்லிசாகச் சீவ முடியாது. நின்று வேடிக்கை பார்க்க வேண்டிய காட்சி.

பார்த்துக்கொண்டு நின்றேன். சீவிக் கொடுத்த இளைஞன் நல்ல பிள்ளை. "இதில் என்னென்ன இருக்கிறது?" என்று மகள் கேட்டதற்கு, "வான்கோழி, தண்ணீர், உப்பு, அவ்வளவுதான்" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். பொட்டலத்தின்மேல் எடையும் விலையும் அடித்த சீட்டு மட்டும் இருந்தது. பதினொரு நாள் அந்த இறைச்சி அவளோடு ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தது.

பன்னிரண்டாம் நாள் நான் மட்டும் கடைக்குப் போயிருந்தேன். வேறு வேலை இல்லாத கிழவன். பூதக்கண்ணாடியும் பையில் இருந்தது. முழு இறைச்சியைச் சுற்றியிருக்கும் உறையைக் காட்டச் சொன்னேன். அந்தப் பையன் தயங்காமல் எடுத்துக் காட்டினான். வான்கோழி, தண்ணீர், உப்பு வரைக்கும் அவன் சொன்னது சத்தியம். அதற்கப்புறம் பொடி எழுத்தில், இரண்டு சதவிகிதத்துக்கு உட்பட்டவை என்ற தலைப்பின் கீழ் டெக்ஸ்ட்ரோஸ், சோடியம் பாஸ்பேட், கராஜீனன் என்று ஒரு சிறு குடும்பமே குடியிருந்தது. டெக்ஸ்ட்ரோஸ் மக்காச்சோள மாவிலிருந்து எடுக்கும் சர்க்கரை. உப்பின் கடுமையைத் தணிக்கவும் நிறம் கொடுக்கவும் போடுகிறார்கள். பாஸ்பேட் தண்ணீரை இறைச்சிக்குள் பிடித்து வைக்கிறது. கராஜீனன் கடற்பாசியிலிருந்து வரும் பசை. சீவும்போது துண்டு உதிராமல் இருக்கும். தண்ணீரையும் இறைச்சி விலைக்கு விற்கிறார்கள் என்று இதற்கு அர்த்தம். நம் ஊர்ப் பால்காரருக்கு நாம் கொடுத்த பெயரெல்லாம் அநியாயம் என்று தோன்றிற்று.

அதே உறையின் மற்றொரு பக்கத்தில் 'சர்க்கரை: 0 கிராம்' என்றும் போட்டிருந்தது. இதுவும் பொய்யல்ல. ஒரு வேளைக்கு அரை கிராமுக்குக் குறைவாக இருந்தால் பூஜ்யம் என்று போட்டுக்கொள்ள அந்த நாட்டுச் சட்டம் அனுமதிக்கிறது. ஒரு வேளை என்பது அவர்கள் கணக்கில் 56 கிராம் இறைச்சி.

வீட்டுக்கு வந்து சொன்னேன். மகள் சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியில் பதினொரு பெருக்கல் குறிகளையும் பார்த்துவிட்டு ரப்பரை எடுத்தாள்.

"அரை கிராம்கூட இராது, அம்மா. அதற்காகவா அழிக்கிறாய்?" என்றேன்.

"அந்த அரை கிராமுக்காக இல்லை, அப்பா. இது தெரியாமல் உள்ளே போயிருக்கிறதென்றால், இன்னும் எது எது தெரியாமல் போயிற்றோ? முப்பது நாள் கழித்து ஒரு பதில் வரும். அதை நான் நம்ப வேண்டாமா?"

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவள். அழுக்குக் குழாயில் ஊற்றிய ரத்தத்துக்கு என்ன மரியாதை என்று அவளுக்குத் தெரியும். நான் பேசவில்லை.

அன்றிலிருந்து இறைச்சி தேடும் உத்தியோகம் எனக்கு வாய்த்தது. எத்தனையோ நாவல்களை இவ்வளவு கவனமாக நான் படித்ததில்லை. ஹாம் வகையில் தேன் தடவியது, பழுப்புச் சர்க்கரை தடவியது என்று பெருமையாகவே போட்டிருப்பார்கள். அவற்றை உடனே தள்ளிவிடலாம். சலாமி சற்று நியாயமான கட்சிக்காரன். அதைப் புளிக்க வைக்கும் கிருமிகளுக்குத் தீனியாகக் கொஞ்சம் சர்க்கரை போடுகிறார்கள். பெரும்பகுதியைக் கிருமிகளே தின்றுவிடுகின்றன. ஆனாலும் பட்டியலில் பெயர் இருப்பதால் ஜாமீன் கிடையாது. சுட்ட மாட்டிறைச்சியில் மாடு, உப்பு, மிளகு என்று மூன்றே சொல்லோடு முடிகிற சரக்கும் கிடைக்கிறது; பக்கத்திலேயே சாயமும் டெக்ஸ்ட்ரோஸும் போட்டதும் கிடைக்கிறது. கண்ணால் பார்த்து இரண்டுக்கும் வித்தியாசம் சொல்ல எவராலும் ஆகாது.

இந்தத் தேடலில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது 'நைட்ரைட் சேர்க்கப்படவில்லை' என்று பச்சை எழுத்தில் போட்டிருந்த வான்கோழி. சர்க்கரை இல்லை, பசை இல்லை. ஹோல் தர்ட்டிக்கு முற்றிலும் ஏற்றது. ஆனால் அந்தப் பச்சை எழுத்தின் முடிவில் ஒரு நட்சத்திரக் குறி. கீழே போய்ப் பார்த்தால், 'செலரிப் பொடியில் இயற்கையாக உள்ளதைத் தவிர' என்று இருக்கிறது. செலரி ஒரு கீரைத்தண்டு. அதில் நைட்ரேட் ஏராளம். கிருமிகளைக் கொண்டு அதை நைட்ரைட்டாக மாற்றி இறைச்சியில் போட்டால், ரசாயனச் சாலையிலிருந்து வரும் நைட்ரைட் செய்யும் வேலையையெல்லாம் இதுவும் செய்கிறது. அதே இளஞ்சிவப்பு நிறம், அதே பாதுகாப்பு. பொருள் ஒன்றேதான், ஊர் மட்டும் வேறு.

மற்றவர்களுக்கு இது வெறும் வார்த்தை விளையாட்டாக இருக்கலாம். தலைவலிக்காரிக்கு அப்படியல்ல. 1972-ல் 'லான்செட்' பத்திரிகையில் ஹெண்டர்சன், ராஸ்கின் என்ற இரு டாக்டர்கள் ஒரு மனிதரைப் பற்றி எழுதினார்கள். பன்றி, மாட்டிறைச்சிக் குழல்களைத் தின்றால் அவருக்குத் தலைவலி வரும். ருசியும் மணமும் இல்லாத நைட்ரைட் கரைசலைக் கொடுத்துப் பார்த்தார்கள்; பல தடவை வலி வந்தது. ஒருவருக்கு வந்தது எல்லோருக்கும் வரும் என்பதில்லை. ஆனால் எந்தத் திருடனைப் பிடிக்கக் காவல் போட்டிருக்கிறோமோ அவனையே சாப்பாட்டுப் பெட்டியில் வைத்து அனுப்பினால் காவலுக்கு அர்த்தம் என்ன? பத்தியப் புத்தகம் பொதுவானது. அது சர்க்கரைத் துளிக்குக் கண்டிப்புக் காட்டும், செலரிப் பொடிக்குக் கதவைத் திறந்துவிடும். இத்தனைக்கும் உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2015-ல் பதப்படுத்திய இறைச்சியைப் புகையிலையோடு ஒரே வகுப்பில் வைத்துவிட்டது. ஆபத்தின் அளவு இரண்டுக்கும் ஒன்றல்ல. சாட்சியம் உறுதியானது என்ற மட்டில்தான் ஒரே வகுப்பு. இருந்தாலும் டெக்ஸ்ட்ரோஸைப் பார்த்து நடுங்குகிறவர்கள் அதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

கடைசியில் ஓர் இத்தாலியர் கடையில் பார்மா நகரத்துப் பன்றித் தொடையைக் கண்டேன். பட்டியலில் இரண்டே பெயர்: பன்றித் தொடை, உப்பு. நைட்ரைட் சேர்க்க அந்தப் பெயரின் சட்டமே இடம் கொடுப்பதில்லை. உப்பைத் தேய்த்து ஓராண்டுக்கு மேல் காற்றாடத் தொங்க விடுகிறார்கள். அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கிற்று. அதுவரை நான் படித்த நீளமான பட்டியல்களிலெல்லாம் பாதி, நாளைக் குறைப்பதற்காகப் போட்ட சாமான்கள். பொறுத்திருக்கிறவனுக்கு உப்பு போதும். அவசரக்காரனுக்குத்தான் அஞ்சறைப் பெட்டி வேண்டியிருக்கிறது.

வெற்றியோடு வீட்டுக்குக் கொண்டு வந்தேன். மகள் ஒரு துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். கண்ணாடி மாதிரி இருந்தது. "அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நாள்பட்ட இறைச்சியில் டைரமீன் இருக்குமே, அப்பா" என்றாள். பழைய பாலாடைக்கட்டியிலும் இருக்கிற சமாசாரம். அதன்மேலும் தலைவலிக்காரர்களுக்குச் சந்தேகம் உண்டு. பார்மாத் தொடையை நானும் மாப்பிள்ளையும் தீர்த்தோம். நன்றாகவே இருந்தது.

பிறகு நடந்தது சாதாரணம். தோலோடும் எலும்போடும் ஒரு பச்சை வான்கோழி நெஞ்சு வாங்கினோம். 'உப்புநீர் ஏற்றப்பட்டது' என்ற பொடி எழுத்து அதிலும் ஒளிந்திருக்கும், இல்லாததாகத் தேர்ந்தெடுத்தேன். உப்பும் மிளகும் பூண்டும் தடவி ராத்திரி முழுவதும் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் அடுப்புக்குள் தள்ளி, நடுவே குத்தின வெப்பமானி 74 டிகிரி காட்டியதும் எடுத்தோம். சூட்டோடு வெட்டினால் நார்நாராகப் பிய்ந்துபோகும். ஆறவிட்டு, மீண்டும் இரவெல்லாம் குளிரில் கிடந்த பிறகு மெல்லிய கத்தியால் அறுத்தால் துண்டு விழுகிறது. வான் பெர்க்கலின் யந்திரத்தை நம் கை எட்டாது. வாழைக்காய் பஜ்ஜிக்குச் சீவுகிற கனத்துக்குத்தான் வந்தது. மூன்று நான்கு நாளைக்குள் தின்றுவிட வேண்டும், அதற்கு மேல் தாங்காது. ஆக ஞாயிறு ஒன்று, புதன் ஒன்று என்று வாரம் இரண்டு தடவை அடுப்பு மூட்டினோம்.

இரண்டாவது முப்பது நாள் முடிந்தது. இரண்டே தடவை தலைவலி வந்திருந்தது. டாக்டர் சந்தோஷப்பட்டார், ஆனால் துள்ளிக் குதிக்கவில்லை. தலைவலி தானாகவே ஏறும் இறங்கும் என்றார். அப்புறம் விசாரணை ஆரம்பமாயிற்று. ஒரு நாள் பருப்பு, இரண்டு நாள் இடைவெளி. ஒரு நாள் அரிசி, இரண்டு நாள் இடைவெளி. ஒன்றும் நேரவில்லை. தயிர் முறை வந்த அன்று வீட்டில் யாரும் சகஜமாக இல்லை. ஒரு கிண்ணம் தயிர்சாதம் தின்றுவிட்டு மகள் சாயங்காலம் வரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இரவு ஒன்பது மணிக்குத் தன் தாயாரை டெலிபோனில் கூப்பிட்டு, "அம்மா, தயிர் நம்ம பக்கம்தான்!" என்று கூவினாள். கோதுமையும் தப்பியது.

கடைசியாக, செலரிப் பொடி போட்ட அந்த வான்கோழி. லீவு நாளாகப் பார்த்துச் சனிக்கிழமை மத்தியானம் நாலு துண்டு தின்றாள். மூன்று மணிக்கெல்லாம் பேத்தி தன் பொம்மையை எடுத்துக்கொண்டு கதவுக்கு வெளியே உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரு தடவை வந்தது சாட்சியமாகாது, இன்னும் ஒரு முறை தின்று பாருங்கள்" என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவர் சொல்வது சரி. மகள் நாட்காட்டியைப் பார்க்கிறாள், பார்க்கிறாள், இன்னும் நாள் குறிக்கவில்லை. நான் கேட்கவுமில்லை. புதன்கிழமை அடுப்புக்கு நெஞ்சுக்கறி தேர்ந்தெடுக்கப் பூதக்கண்ணாடியோடு போய் வந்தேன்.