எங்கள் வீட்டுப் பெயரிங் வண்டி

மேடும் பள்ளமுமான ஊர்களில் பெயரிங் வண்டியை அறியாத பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். ஒரு பலகை, இரண்டு குறுக்குச் சட்டங்கள், லொறிகளிலிருந்து கழற்றி வீசிய நான்கு பெயரிங்குகள். எஞ்சின் கிடையாது, இறக்கம்தான் எஞ்சின். மாவனல்லையில் எங்கள் வீட்டைத் தாண்டி மேலே ஏறும் கொங்கிரீட் பாதையில், பாடசாலை விடுமுறை வந்துவிட்டால் அந்தக் கடகடச் சத்தம் ஓயாது.

சென்ற ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வாப்பா கட்டாரிலிருந்து இரண்டு மாத லீவில் வந்திருந்தார். அங்கே அவர் பார வாகனங்கள் திருத்தும் மெக்கானிக். முதன்முதலில் அவர் பயணம் போனபோது தம்பிக்கு மூன்று வயது. இப்போது பன்னிரண்டு. வாப்பாவுக்கு முன்னால் அவன் வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு முன்னால் இருப்பதுபோல் ஒடுங்கியிருப்பான். “உம்மா, கொப்பி வாங்கச் சல்லி வேணுமெண்டு வாப்பாக்கிட்ட செல்லுங்க” என்பான், வாப்பா பக்கத்துக் கதிரையில் இருக்கும்போதே. வாப்பா சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

பெருநாளுக்குப் பிறகு ஊர் இளைஞர்கள் பெயரிங் வண்டிப் பந்தயம் வைப்பதாகத் தம்பி ஒருநாள் சொன்னான். சொன்னது உம்மாவிடம்தான். எழுந்து போய்ப் பழைய ஆயுதப் பெட்டியை எடுத்து வந்தது வாப்பா.

கராஜ் ஒன்றின் கழிவுக் குவியலிலிருந்து பெயரிங்குகளைப் பொறுக்கினோம். ஒன்றில் 6308 என்று பொறித்திருந்தது. கடைசி இரண்டு இலக்கங்களை 5 ஆல் பெருக்கினால் உள்துளையின் விட்டம் மில்லிமீற்றரில் வரும் என்று வாப்பா சொல்லித் தந்தார். 08 என்றால் 40. பின்னுக்கு அவை இரண்டு. முன்னுக்கு 6206, அதாவது 30. மண்ணெண்ணெயில் கழுவி, காதருகே வைத்துச் சுழற்றிக் கேட்பார். கரகரத்தால் ஒதுக்கிவிடுவார். இரண்டு நாளில் தம்பிக்கும் அந்தக் காது வந்துவிட்டது.

பலாமரச் சட்டங்களின் நுனிகளைத் துளைக்கேற்பச் சீவினோம். உம்மா பழைய தலையணைக்கு ரெக்சீன் தைத்து ஆசனமாக்கினார். “பொடியன்ட பல்லுப் போனா நான் பொறுப்பில்ல” என்றார் உம்மும்மா. வேலை நடக்கும் இடத்தில் பேச்சைக் கொண்டுபோய்ச் சேர்க்க உம்மா இல்லை. மூன்றாம் நாள், முன்சட்டத்தின் போல்ட்டை இறுக்கும்போது தம்பியின் குரல் கேட்டது: “வாப்பா, இதுக்குப் பதினேழாம் நம்பரா, பத்தொம்பதா?” குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த உம்மா கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

என் பங்கு கணக்கு. மேசன்மார் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயால் பாதையின் உயர வித்தியாசத்தைப் படிப்படியாக அளந்தோம்; ஏறத்தாழ 5 மீற்றர் வந்தது. உராய்வும் காற்றுத் தடையும் இல்லையென்று எடுத்தால், அழுத்தசக்தி முழுவதும் இயக்கசக்தியாகும். நிறை இரண்டு பக்கமும் வெட்டுப்பட்டுவிடும். அடியில் வேகம் செக்கனுக்கு 10 மீற்றர், அதாவது மணிக்கு 36 கிலோமீற்றர். உண்மையில் அதைவிடக் குறையும். ஆனாலும் குதிக்காலை ஊன்றி நிறுத்தும் வேகமல்ல. வாப்பா என் கொப்பியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பழைய டயரில் ஒரு துண்டு வெட்டி, இழுத்தால் தரையை அழுத்தும் பிரேக் ஒன்றைப் பூட்டினார்.

அதை யார் சோதிப்பது? பாரம் கூடிய ஆள் வேண்டும் என்றார் வாப்பா. “கொமர்ப் புள்ளயையா?” என்று உம்மும்மா முகம் சுளித்தார். “சுபஹுக்குப் பொறகு ரோட்டுல ஒருத்தருமில்லயே, போகட்டும்” என்றார் உம்மா. அந்தக் குளிர்ந்த காலையில் மூன்று தடவை இறங்கினேன். மூன்று தடவையும் நின்றது. நான்காவது தடவை சோதனைக்காக அல்ல.

பந்தயத்தில் தம்பி முதல் சுற்றை வென்றான். இறுதிச் சுற்றில் நான்கு வண்டிகள். வளைவு வரை முன்னால் வந்தவன் அங்கே பிரேக்கை இழுத்தான். இரண்டு வண்டிகள் கடந்து போயின. “பிரேக் புடிச்சா வெல்லேலாது!” என்று யாரோ கத்தினார்கள். வென்ற வண்டி நிற்க முடியாமல் வைக்கோல் சாக்குகளில் மோதிப் புரண்டது. நல்லவேளை, ஓட்டியவருக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான். எங்கள் வண்டி மூன்றாவதாக வந்து வாப்பாவின் காலடியில் நின்றது. “வாப்பா, பிரேக் புடிக்குது!” என்றான் தம்பி. வாப்பா அவனைத் தூக்கி நிறுத்தி, தலையிலிருந்த தூசியைத் தட்டினார்.

லீவு முடிந்து வாப்பா போய்விட்டார். அழைப்பு வந்தால் இப்போது போனை முதலில் எடுப்பது தம்பிதான். தனக்கு முறையே கிடைப்பதில்லை என்று உம்மா குறைபடுகிறார். சென்ற வாரம் அவன் முன் பெயரிங்கைக் கழற்றி, போனுக்கு அருகே பிடித்துச் சுழற்றினான். அந்தப் பக்கத்தில் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

“அது முடிஞ்சிது மகன். மாத்தோணும்” என்றார் வாப்பா.